நாய்க்கு இடமுண்டோ?

அரசாட்சியைத் துறந்து வடதிசை நோக்கி நடந்த தருமருக்கு இறுதிவரை துணையாக வந்தது ஒரு நாய். திரௌபதியும் தம்பியர் நால்வரும் வழியிலேயே ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்துவிட்டனர். தேரோடு எதிர்வந்த இந்திரன், தருமரை வானுலகுக்கு அழைத்தான். நாயை மட்டும் விட்டுவிட்டு வருமாறு கூறினான். நாயோடு வருவோர்க்கு ஆங்கு இடமில்லை என்பது அவன் எடுத்துரைத்த விதி. தம்மையே நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் வானுலகம் தமக்கு வேண்டா என்று தருமர் மறுத்துவிட்டார். நாயாக உடன் வந்தது அறக்கடவுளே என்பது அதன் பின்னரே வெளிப்படுகிறது.

மாபாரதத்தின் இந்நிகழ்ச்சியை அடைக்கலம் காத்தற்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் வழக்கம். ஆயினும், அதனுள் வேறொரு வினாவும் அடங்கியிருக்கிறது. பலருக்கும் பொதுவான ஓரிடத்திற்குள் ஒருவர் தம் நாயோடு நுழையலாமா? வானுலக வாயிலில் எழுந்த அவ்வினா இன்று தொடர்வண்டி நிலையத்திலும், உணவகத்திலும், பூங்காவிலும், அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியிலும் நாள்தோறும் எழுகின்றது. நாட்டுக்கு நாடு விடை மாறுபடுகின்றது. நாயை வரவேற்கும் நாட்டார் அன்புடையோர் என்றும், தடுக்கும் நாட்டார் அன்பிலார் என்றும் முடிவு கட்டிவிடுவது எளிது. வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அம்முடிவு பொருந்தாது என்பது புலனாகும்.

தமிழர் வாழ்வில் நாய்

தமிழர்க்கும் நாய்க்கும் உள்ள உறவு பழமையானது. சங்கச் செய்யுட்களில் வேட்டுவரோடு நாயும் காட்டுக்குள் செல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் இவ்வுறவுக்குக் கல்லிற் பொறித்த சான்றாகும். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது அது, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. ஆநிரை காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துப் போராடிய அவனுடைய நாயும் அக்கல்லில் இடம்பெற்றிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது. எத்தனையோ மனிதர்களின் பெயர்கள் மறைந்துபோன காலத்தில் ஒரு நாயின் பெயர் கல்லில் வாழ்வது எண்ணத்தக்கது.

நாலடியார், தன்னை வளர்த்த பாகனையே கொல்லும் யானையைவிட, எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயே நட்புக்கு உகந்தது என்று உவமிக்கிறது. வயிரவருக்கு ஊர்தியாகவும் நாய் நிற்கிறது. எனினும், அதே தமிழ்மொழியில் ஒருவரை இழித்துரைக்க முதலில் நாவில் வரும் சொல்லும் ‘நாய்’ என்பதே. வாயிற்புறத்தில் சோறிட்டு வளர்ப்பதும், திண்ணைக்கு மேலே ஏறவிடாமல் விரட்டுவதும் ஒரே வீட்டில் நிகழ்ந்தன. ஊர்ப் பொதுவிடத்தில் நாய்க்கு இடம் உண்டு. வீட்டினுள் இடம் இல்லை என்பதே தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பொது வழக்கு. மேலைநாட்டு வழக்கமோ இதற்கு நேர்மாறானது. ஆங்கே நாய் வீட்டினுள் வாழும்; தெருவில் தனியே திரிவது குற்றம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும்.

பம்பாயும் இஸ்தான்புல்லும்

இருவகை வழக்கங்களும் மோதிக்கொண்ட நிகழ்ச்சி 1832ஆம் ஆண்டு பம்பாயில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியினர், உரியவர் இல்லாத தெரு நாய்களைக் கொல்ல ஆணையிட்டனர். கொன்ற நாய்க்கு இவ்வளவு என்று காவலர்க்குப் பணமும் கொடுத்தனர். பணத்தின்மேல் விருப்புற்ற காவலர் வீட்டு நாய்களையும் விட்டுவைக்கவில்லை என்ற குறை எழுந்தது. நாயைப் புனிதமாகக் கருதுவோர் பார்சிகள். இறந்தவர் உடலை நாயின் பார்வையிற் படச் செய்வது அவர்தம் ஈமச் சடங்கின் ஒரு பகுதி. சூன் திங்களில் அவர்கள் வெகுண்டெழுந்து காவலரைத் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. சமணரும் இந்துக்களும் உடன் சேர்ந்தனர். இரண்டாண்டுகள் கழித்து, 1834இல், சம்செட்ஜி ஜீஜீபாய் போன்ற செல்வர்களின் கொடையால் ஆதரவற்ற விலங்குகளுக்கான காப்பகம் பம்பாயில் தோன்றியது.

துருக்கியின் இஸ்தான்புல் நகரம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நகரின் தெருக்களில் நூற்றாண்டுகளாக நாய்கள் கூட்டங்கூட்டமாக வாழ்ந்தன. மக்கள் அவற்றை வீட்டுக்குள் சேர்த்ததில்லை. ஆயினும் தெருவில் உணவும் நீரும் வைத்துக் காத்தனர். தலைநகரை மேலைநாட்டு நகரங்கள்போல் ஆக்க விரும்பிய ஆட்சியாளர், 1910ஆம் ஆண்டில் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் உள்ள நீரற்ற பாறைத் தீவொன்றில் கொண்டுபோய் விட்டனர். பசியாலும் தாகத்தாலும் அவை அங்கேயே மடிந்தன. அவற்றின் ஓலம் கடல்மேல் மிதந்துவந்து நகரத்தாரை உறங்கவிடாமல் செய்தது என்பர். பின்னர் வந்த போர்த் துயரங்களை அந்நாய்களின் பழியென்றே மக்கள் பேசிக்கொண்டனர். சமயம் ஒன்றே நாயின் நிலையை முடிவு செய்கிறது என்போர் இஸ்தான்புல்லை மறந்துவிடுகின்றனர்.

அச்சத்தின் வேர்

நாயின்மீது அரசுகள் கொண்ட கடுமைக்கு முதற்காரணம் வெறுப்பன்று, வெறிநாய்க்கடி நோய். நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற வழியில்லாத நோய் அது. பிரான்சில் லூயி பாஸ்டர், 1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தைச் செலுத்தி அவனைக் காத்தார். இந்தியாவில் 1900இல் கசௌலியிலும், 1907இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் அமைந்தன.

இன்று நாய் வளர்ப்பிற்குப் பெயர்போன இங்கிலாந்து, ஒரு காலத்தில் நாயின்மீது மிகக் கடுமையான சட்டங்களைச் செலுத்திய நாடு. 1796ஆம் ஆண்டிலேயே அங்கு நாய்வரி விதிக்கப்பட்டது. 1897இல் வேளாண்மைத் துறைத் தலைவராயிருந்த வால்டர் லாங், வாய்ப்பூட்டின்றி நாய் வெளியே வரக்கூடாது என்னும் ஆணையைப் பல மாவட்டங்களில் நடைமுறைப்படுத்தினார். நாய் வளர்ப்போரின் கடுஞ்சினத்துக்கு அவர் ஆளானார். ஆனால், 1902ஆம் ஆண்டில் அத்தீவில் வெறிநோய் அற்றுப்போயிற்று. முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் மறைத்துக் கொணர்ந்த நாய்களால் 1918இல் மீண்டும் தலைகாட்டியது, 1922இல் ஒழிந்தது. அயல்நாட்டு நாய்க்கு ஆறு மாதத் தனிக்காவல் என்ற விதி 2000ஆம் ஆண்டு வரையிலும் தளராமல் நின்றது. இன்று இலண்டன் பூங்காவில் துள்ளி ஓடும் நாயின் உரிமைக்குப் பின்னால் அந்தப் பழைய வாய்ப்பூட்டு இருக்கிறது.

ஐசுலாந்தின் தலைநகரான ரெய்க்யவிக் 1924ஆம் ஆண்டில் நாய் வளர்ப்பதையே தடை செய்தது. ஆட்டிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து மனிதர்க்கும் பரவிய நாடாப்புழு நோயே அதற்குக் காரணம். நோயின் கொடுமை அடங்கிய பின், 1984இல்தான் உரிமச் சீட்டுடன் நாய் வளர்க்க அந்நகரம் இடமளித்தது.

செருமனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் நாயோடு தொடர்வண்டியில் ஏறலாம். பல உணவகங்களில் மேசையடியில் அது படுத்துக்கிடக்கும். கூடையில் அடங்காத பெரிய நாய்க்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டும். செருமானியத் தொடர்வண்டியில் அத்தகைய நாய்க்கு வாரும் வாய்ப்பூட்டும் உண்டு; செருமானிய நகரங்களில் நாய்வரியும் உண்டு. ஆகவே, அந்நாடுகளின் வரவேற்பு கட்டுப்பாடற்ற வரவேற்பு அன்று. நாய்க்குரியவர் முதலில் பொறுப்பேற்றார். அதன் பிறகே கதவு திறந்தது.

மலாயாவின் தோட்டப்புறத்தில்

இவ்வுலக வரலாறு வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்ட தமிழர், தம் ஊர் வழக்கத்தையே அங்கும் கொண்டுசென்றனர். லயத்து வாயிலில் கிடந்த நாய்க்குத் தனியே உரிமையாளர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டுவது அரிது. ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் மீன்தலை என்று அது லயம் முழுமைக்கும் உறவாக வாழ்ந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களம் வரை ஆட்களோடு போகும். இருள் பிரியாத நிரையில் பால்வெட்டும் பெண்ணுக்குப் பாம்பையும் காட்டுப்பன்றியையும் முன்னறிந்து குரைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றி வேட்டைக்குச் செல்லும். தோட்டத்துச் சாலையும், ஆற்றோரமும், கோயில் திடலும் அதற்குத் தடையற்ற இடங்களாயிருந்தன. துரை பங்களாவின் நாயோ கழுத்துப் பட்டையும் சங்கிலியும் பூண்டது. இருவகை நாய்வளர்ப்பும் ஒரே தோட்டத்தில் குன்றின் மேலும் கீழுமாக விளங்கின.

1952ஆம் ஆண்டு கோலாலம்பூர் வட்டாரத்தில் வெறிநோய் பரவியது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் நாடு துன்புற்றுக்கொண்டிருந்த காலம் அது. நாய்கள் அனைத்துக்கும் கட்டாயத் தடுப்பூசி என்ற திட்டம் செயற்பட்டது. உரியவரற்ற நாய்கள் கொல்லப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் அடங்கியது. 1955இல், தாய்லாந்து எல்லையை ஒட்டிய வட மாநிலங்களில் தடுப்பூசி வளையம் ஒன்று அமைந்தது. உலக நாடுகள் எடுத்துக்காட்டாகப் போற்றிய வெற்றி அது. ஆனால், தோட்டத்து நாயின் நிலை அன்றே மாறத் தொடங்கியது எனலாம். தடுப்பூசி போடுவதற்கும், உரிமத் தகடு பெறுவதற்கும், ‘இஃது என் நாய்’ என்று முன்வந்து சொல்ல ஒருவர் வேண்டும். எல்லார்க்கும் உறவான நாய்க்கு அவ்வாறு சொல்வார் இல்லை. பொதுவாக வாழ்ந்ததே அதன் உயிருக்கு இடராயிற்று.

குன்றின்மேல் புதிய வீடுகள்

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் ஆகிய குடியிருப்புகள் 1990களில் உருப்பெற்றன. செந்தோசா என்னும் மலாய்ச் சொல் அமைதியைக் குறிப்பது. ‘சந்தோஷம்’ என்னும் வடசொல்லின் உறவுடையது. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, இத்தகைய குடியிருப்புகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. பானையும் பாயும், சாமி படங்களும் வண்டியில் ஏறின. நாய்க்கு வண்டியில் இடம் கிடைத்தது அரிது. ஆளற்றுப்போன லயங்களில் பழைய வாயிற்படியை விட்டு அகலாமல் கிடந்த நாய்கள், தோட்டப் பெயர்ச்சி வரலாற்றில் எவரும் எழுதிவைக்காத ஒரு பகுதியாகும்.

உடன் வந்த நாய்க்கும் பழைய வாழ்வு திரும்பவில்லை. லயத்தில் அண்டை வீட்டார் உறவினர் போன்றோர். புதிய தாமானில் ஒரு சுவருக்கு அப்பால் மலாய்க் குடும்பம், மறு சுவருக்கு அப்பால் சீனக் குடும்பம். ஊராட்சி மன்றங்களின் துணைச் சட்டங்கள் நாய்க்கு உரிமம் கேட்கின்றன. வீட்டின் அளவுக்கேற்ப எண்ணிக்கையை வரையறுக்கின்றன. அடுக்குமாடியில் நாய் கூடாது என்பதே பல மன்றங்களின் விதி. அண்டை நாடான சிங்கப்பூரின் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில், ஏற்கப்பட்ட சிறு இனங்களில் ஒரே ஒரு நாய் வளர்க்க இசைவு உண்டு. கோலாலம்பூரின் நகர இரயில்களில் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை.

இக்கட்டுப்பாடுகளில் சமய உணர்வுக்கும் பங்குண்டு. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறியில், நாயின் ஈரம் உடலிற் பட்டால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். தொழுகைக்குச் செல்பவரின் ஆடையைத் தெருவில் திரியும் நாய் முகர்ந்துவிட்டால் அவருக்கு நேரும் இடர்ப்பாட்டை மற்றவர் உணர்தல் வேண்டும். அதே நெறியில் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வளர்க்க இசைவு உண்டு. தாகத்தால் வாடிய நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் முகந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழியும் கூறுகிறது. தூய்மை விதி வேறு, வெறுப்பு வேறு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், பண்டார் உத்தாமாவில், நாயைப் பற்றிய அச்சத்தைப் போக்கவும், தொட்டபின் தூய்மை செய்யும் முறையைக் கற்பிக்கவும் ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. நூற்றுக்கணக்கானோர் திரண்டனர், பின்னர்க் கடும் எதிர்ப்பும் எழுந்தது. ஒரு நாயைத் தொடுவது நாடளாவிய வாதமாக மாறும் அளவுக்கு அப்பொருள் இங்கே நுண்மையானது.

மலாய் அண்டை வீட்டாரின் மீதே பழியைச் சுமத்திவிட்டு மற்றையோர் தப்பிக்கவும் இயலாது. பூலாவ் கெத்தாம், கிள்ளான் கடற்கரைக்கு அப்பாலுள்ள சீன மீனவர் தீவு. 2009ஆம் ஆண்டில், தெரு நாய்களின் தொல்லை பொறுக்கமாட்டாமல், அத்தீவினர் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத அலையாத்திக் காட்டுத் தீவில் விட்டனர். உணவின்றி அவை ஒன்றையொன்று கடித்துத் தின்னும் நிலைக்கு வந்தன. விலங்கு நல அமைப்பினர் படகேறிச் சென்று எஞ்சியவற்றுள் சிலவற்றை மீட்டனர். இஸ்தான்புல்லில் 1910இல் நிகழ்ந்தது, நூறாண்டு நிறைவதற்குள் சிலாங்கூர் மாநிலத்திலேயே மீண்டும் நிகழ்ந்தது. நாய்களைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்னும் எண்ணம் எந்த ஓர் இனத்துக்கும் சமயத்துக்கும் தனியுரிமை அன்று.

இருபுறமும் நியாயம்

நாயின்பால் இரக்கம் காட்டுவோர் மறந்துவிடக்கூடாத செய்தியும் ஒன்று உண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் மீண்டும் தோன்றியது. 2017இல் சரவாக்கில் பரவி, சிறுவர் உட்படப் பலரின் உயிரைக் கொள்ளை கொண்டது. கடிபட்ட குழந்தையின் தாய்க்கு முன்னால் நாயின் நன்றியைப் பற்றிப் பேசுதல் முறையாகாது. அதே 2015ஆம் ஆண்டில் மலேசிய நாடாளுமன்றம் விலங்கு நலச் சட்டத்தை நிறைவேற்றியது. நோயிலிருந்து மனிதரையும், கொடுமையிலிருந்து விலங்கையும் காக்க வேண்டிய கடமை ஒரே காலத்தில் ஒரே அரசின்மேல் விழுந்தது.

கொல்வதற்கும் திரியவிடுவதற்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றைச் சென்னை நகரம் காட்டியது. கேப்டன் வி. சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து விடுவிக்கும் முறையை 1960களிலேயே மேற்கொண்டது. மாநகராட்சி அதனை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2001இல் அம்முறை இந்தியா முழுமைக்கும் விதியாயிற்று. அதுவும் வாதத்தை முடித்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், தில்லியின் தெரு நாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22ஆம் நாள், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அதனைத் திருத்தியது. நவம்பர் 7ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றுமாறு பணித்தது. துருக்கியும், 2004இல் கருத்தடை செய்து விடுவிக்கச் சட்டம் இயற்றி, 2024இல் காப்பகத்தில் அடைக்குமாறு அதனை மாற்றியது. பெரிய நாடுகளே இரு பக்கமும் அசைந்தாடும் வினா இது.

கடமையும் உரிமையும்

இவ்வரலாறுகளை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. எந்த நாடும் தொடக்கத்திலிருந்தே நாய்க்குப் பொதுவிடத்தைத் திறந்து வைத்திருக்கவில்லை. எந்த நாட்டின் கதவும் என்றென்றைக்குமாக மூடப்பட்டதும் அன்று. நோய் அடங்கிய இடத்தில், உரியவர் பொறுப்பேற்ற இடத்தில், அண்டை வீட்டார் அச்சமின்றி நடக்கும் இடத்தில் கதவு மெல்லத் திறக்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கதவு மீண்டும் மூடிக்கொள்கிறது. அப்போது அடிபடுவது நாயே.

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு நாயின்மீது அன்பு குறைவில்லை. அவ்வன்புக்கு அன்று எல்லை தேவைப்படவில்லை. ஆயிரம் ஏக்கர் நிலம் அதன் எல்லையாக இருந்தது. இருபதடி அகல வீட்டில் அதே அன்பு வேறு வடிவம் பெற்றாக வேண்டும். உரிமத் தகடு, ஆண்டுதோறும் தடுப்பூசி, வெளியே செல்கையில் கழுத்தில் வார், தெருவில் விழுந்ததை எடுத்து அப்புறப்படுத்தும் கை, அண்டை வீட்டாரின் தொழுகையையும் உறக்கத்தையும் மதிக்கும் மனம் ஆகியவையே இன்று நாயைக் காக்கும் வேலிகள். இவற்றைச் சுமை என்று கருதுவோர் நாய் வளர்க்காதிருத்தலே நாய்க்குச் செய்யும் நன்மையாகும்.

வானுலக வாயிலில் தருமர், விதியே தவறென்று இந்திரனோடு வழக்காடவில்லை. நாயை உள்ளே நுழையவிட்டுத் தாம் விலகிக்கொள்ளவும் இல்லை. தம்மை நம்பி வந்த உயிருக்குத் தாமே பொறுப்பென்று அதனருகே நின்றார். அவ்வாறு ஒருவர் நிற்கக் கண்ட பின்னரே வாயில் திறந்தது. புக்கிட் செந்தோசாவின் தெருவிலும் நாய்க்கு இடமுண்டோ என்று கேட்போர், அதனருகே நிற்க ஆள் உண்டோ என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.